நகரப் போவது பொருளா, காற்றா? தெர்மல் ஷாக் சேம்பர் வாங்குவோருக்கு

தெர்மல் ஷாக் சேம்பர் என்பது ஒரு பொருளைக் கடும் சூட்டுக்கும் கடும் குளிருக்கும் சட்டென மாற்றி மாற்றிச் சோதிக்கும் பெட்டி. அதன் கேட்டலாக்கில் மைனஸ் 65, பிளஸ் 200 டிகிரி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்க வேண்டாம். முதலில் முடிவு செய்ய வேண்டியது வேறு: சோதிக்கிற பொருள் நகரப் போகிறதா, இல்லை காற்று நகரப் போகிறதா?

இரண்டு அறை வகையில் மேலே சூடு, கீழே குளிர், நடுவே லிஃப்ட் மாதிரி ஒரு கூடை. சில வினாடிகளில் பொருள் இந்த அறையிலிருந்து அந்த அறைக்குப் போய்விடும். இரண்டு அறைகளும் எப்போதும் தயார் நிலையில் இருப்பதால் காற்றின் வெப்பநிலை சீக்கிரம் நிலைக்கு வரும். மூன்று அறை வகையில் பொருள் அசையாது. டேம்பர்கள் (காற்று வழிக் கதவுகள்) திறந்து மூடி, சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் மாறி மாறி நடு அறைக்கு வரும். ஒவ்வொரு சுற்றிலும் நடு அறைச் சுவரும் சேர்ந்து சூடாகிக் குளிர்வதால் நேரமும் கரன்ட்டும் கூடுதலாகத்தான் போகும்.

அப்படியானால் கூடைதானே நல்லது? வயர் இல்லாத வெறும் பிசிபி (சர்க்யூட் போர்டு), எல்இடி விளக்கு போன்றவற்றுக்கு என் ஓட்டு அதற்குத்தான். ஆனால் ஒரு முறை, மின்சாரம் கொடுத்தபடியே சோதிக்க வேண்டிய மோட்டார் கன்ட்ரோலரைக் கூடையில் ஏற்றினோம். குளிரில் விறைத்த ஹார்னஸ் (வயர் கட்டு) ஒவ்வொரு ஏற்ற இறக்கத்திலும் ஒரே இடத்தில் மடங்கி, உள்ளே கம்பி அறுந்துவிட்டது, நாங்களோ சால்டர் ஜாயின்ட்தான் விட்டுவிட்டது என்று நினைத்து போர்டை அறுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்து இரண்டு வாரம் தேடினோம். வயரோடு ஓடும் பொருள் என்றால் மூன்று அறைதான், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அப்புறம் ரெக்கவரி நேரம், அதாவது சூடு குளிர் மாறிய பிறகு காற்று குறித்த வெப்பநிலைக்கு வர எடுக்கும் நேரம். ஐஇசி 60068-2-14 என்ற சர்வதேசத் தரநிலையின் என்ஏ சோதனையில் (வேகமான வெப்பநிலை மாற்றம்), பொருளை ஒரு வெப்பநிலையில் வைத்திருக்கும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் காற்று குறித்த வெப்பநிலைக்கு வந்துவிட வேண்டும். 30 நிமிடம் என்றால் 3 நிமிடம். விற்பவர் சொல்லும் கணக்கு வெறும் கூடைக்கானதா என்று கேளுங்கள். 5 கிலோ அலுமினியம் ஹீட்சிங்க்கை (சூட்டை வெளியேற்றும் உலோகப் பாகம்) 125 டிகிரியிலிருந்து மைனஸ் 40க்கு இறக்க ஏறத்தாழ 740 கிலோஜூலை வெளியே தள்ள வேண்டும். அதையே 5 நிமிடத்தில் முடிக்க, சராசரியாக 2.5 கிலோவாட் குளிர்விப்பு அந்த ஹீட்சிங்க்குக்கு மட்டுமே போய்விடும், கூடையின் எடைக் கணக்கு தனி.

திரவத்தில் முக்கும் வகை வேறு கதை. மில்-எஸ்டிடி-883 என்ற அமெரிக்க ராணுவத் தரநிலையின் 1011 முறை கேட்டால் ஒழிய அந்தப் பக்கம் போகாதீர்கள். சிப் பேக்கேஜ்களுக்குத்தான் அது பொருந்தும், ஃப்ளூரின் திரவத்தின் விலையோ தலைசுற்ற வைக்கும், ஒவ்வொரு முக்கலிலும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வெளியே போய்க்கொண்டே இருக்கும். போதாததற்கு, ஃப்ளோரினெர்ட் என்ற இவ்வகைத் திரவத்தைத் தயாரித்த 3எம் நிறுவனம் 2025 இறுதிக்குள் பிஃபாஸ் (இந்தத் திரவமும் சேரும் ஃப்ளூரின் ரசாயன வகை) தயாரிப்பை நிறுத்துவதாக 2022 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

குளிர்விப்பு இயந்திரத்தின் சூட்டை வெளியேற்றும் கண்டென்சரை நீரில் குளிர்விப்பதா, காற்றிலா என்பதையும் ஆர்டருக்கு முன்பே பேசிவிடுங்கள். சென்னை போர்வெல் தண்ணீரை அப்படியே விட்டால் உப்பு படிந்து, மே மாத மதியத்தில் ஹை பிரஷர் ட்ரிப் ஆகி (அழுத்தம் எகிறி இயந்திரம் தானே நின்று), நடு இரவு வரை ஓட வேண்டிய சுழற்சி இரண்டு மணிக்கே நின்றிருக்கும்.