கைதேர்ந்த குதிரையோட்டிக்கு ஹெல்மெட் எதற்கு? மூன்று கட்சிகள், ஓர் அலசல்

பெங்களூரில் எலகங்காவைத் தாண்டி தேவனஹள்ளிப் பக்கம் போனால் குதிரையேற்றப் பள்ளிகளைப் பார்க்கலாம். ஞாயிறு காலையில் அங்கே தமிழ் காதில் விழாமல் இருக்காது. ஐ.டி. வேலைக்கு வந்த இடத்தில் குதிரைப் பித்து பிடித்தவர்கள், ராணுவத்தில் குதிரைகளோடு இருந்து ஓய்வு பெற்ற மாஸ்டர்கள், ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வந்து லாயத்தில் வேலை செய்யும் சைஸ்கள் (குதிரைகளைப் பராமரிப்பவர்கள்) என்று எல்லாவித ஆட்களும் இருப்பார்கள். புதிதாகக் கற்றுக்கொள்பவர் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும் என்பதில் இவர்களுக்குள் சண்டையே கிடையாது. பதினைந்து, இருபது வருஷம் சேணத்தில் உட்கார்ந்தவருக்கும் வேண்டுமா, அதுவும் எப்போதுமே வேண்டுமா என்று கேட்டால்தான் தகராறு ஆரம்பிக்கும்.

இதில் மூன்று கட்சிகள் உண்டு. லாயத்திலிருந்து குதிரையை வெளியே கொண்டுவருவதில் தொடங்கி, திரும்பக் கட்டும்வரை ஹெல்மெட் தலையிலேயே இருக்க வேண்டும் என்பது முதல் கட்சி. நான் அதில்தான் இருக்கிறேன். சூழலைப் பார்த்துப் போட்டுக்கொள்ளலாம் என்பது இரண்டாவது: தடை தாண்டல், புதுக் குதிரை, வெளிச் சாலை என்றால் ஹெல்மெட், பழகிய குதிரையில் வேலி போட்ட மைதானத்துக்குள் சுற்றி வருவதற்குத் தேவையில்லை. மூன்றாவது, வெறுந்தலைக் கட்சி. தொப்பி, தலைப்பாகை, தலைமுண்டாசு எல்லாம் இதில் அடக்கம்.

மூன்றாவதை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் அதில் வாதத்தைவிடப் பழக்கம்தான் அதிகம். பிரிட்டனின் ராணி எலிசபெத் 2020-ல், தன் 94-வது வயதில், தலையில் ஒரு பட்டுத் துணியை மட்டும் கட்டிக்கொண்டு வின்ட்சரில் குதிரையேறிய படம் உலகம் முழுக்கச் சுற்றியது. நம் குடியரசுத் தலைவரின் மெய்க்காவல் படை விழாக்களில் தலைப்பாகையோடுதான் குதிரையில் வருகிறது. பார்க்கக் கம்பீரமாகத்தான் இருக்கிறது. ஆனால் விழா ஊர்வலம் என்பது தேர்ந்தெடுத்துப் பழக்கிய குதிரைகள் வரிசையாக நடக்கும் சில மணி நேரம். அதைக் காட்டி வாரம் முழுக்கப் பயிற்சி செய்பவர் வெறுந்தலையோடு ஏறுவது பொருந்தாது. ராணியம்மா கீழே விழவில்லை என்பது அவருடைய நல்ல நேரம்.

உண்மையான போட்டி இரண்டாவது கட்சியோடுதான். அதில் இருப்பவர்கள் அசட்டுத் துணிச்சல்காரர்கள் அல்ல. எனக்குத் தெரிந்த ஒரு மாஸ்டர், ராணுவத்தில் நெடுங்காலம் குதிரை பழக்கியவர், இப்படிச் சொல்வார்: “தம்பி, குதிரை என்ன நினைக்குதுன்னு அது செய்யறதுக்கு முன்னாடியே என் தொடைக்குத் தெரியும். தெரியாத குதிரைன்னா நானும் போட்டுக்கறேன். இந்தக் கிழவன் மேல ஏறி ஒரு சுத்து வர்றதுக்கு எதுக்கு?” கிழவன் என்றது குதிரையை. அவர் சொல்வதில் பாதி உண்மை. அனுபவம் உள்ளவர் குதிரையின் காது திரும்புவதை, முதுகு இறுகுவதைப் படித்துவிடுகிறார். மணிக்கணக்கு வைத்துப் பார்த்தால் புதியவரைவிட அவர் குறைவாகத்தான் விழுவார். வெயில் என்ற காரணமும் பொய்யில்லை. சென்னையிலோ டெல்லியிலோ மே மாதத்தில் ஹெல்மெட்டுக்குள் வியர்வை வழிந்து கண்ணில் இறங்குவது தொல்லைதான். பெங்களூரின் காலை ஏழு மணிக் குளிரில் அந்தக் காரணத்தைச் சொல்பவர்களிடம் மட்டும் எனக்கு அனுதாபமில்லை.

சரி, மீதிப் பாதி? விழுவது அபூர்வம் என்பது, விழும்போது அடி லேசாக இருக்கும் என்று அர்த்தமாகாது. கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இங்குள்ள பள்ளிகளில் பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற தரோபிரெட் குதிரைகள் நிறைய. அந்த வகையில் 16 கை உயரம் சாதாரணம். ஒரு கை நான்கு அங்குலம், ஆக முதுகின் தொடக்கமே 5 அடி 4 அங்குலத்தில் இருக்கிறது. அதன்மேல் உட்கார்ந்தவரின் தலை தரையிலிருந்து சுமார் 8 அடி. அந்த உயரத்திலிருந்து சும்மா விழுந்தாலே, குதிரை அசையாமல் நின்றுகொண்டிருந்தால்கூட, தலை தரையைத் தொடும்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 25 கிலோமீட்டர். விழ ஆகும் நேரம் ஒரு வினாடிக்கும் குறைவு, சுமார் 0.7 வினாடி. உருண்டு விழக் கற்றவர்கள் இந்த நேரத்துக்குள் தோளைச் சுருட்டிக்கொள்வதும் உண்டு. ஆனால் அதற்கு விழப்போகிறோம் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். குதிரை நாலுகால் பாய்ச்சலில் போனால்தான் ஆபத்து, நடையில் ஒன்றும் ஆகாது என்ற கணக்கு இங்கேயே உடைந்துவிடுகிறது.

இதற்கு எல்லோரும் சொல்லும் உதாரணம் கோர்ட்னி கிங்-டை. அமெரிக்காவுக்காக 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் டிரெஸ்ஸாஜ் போட்டியில், அதாவது குதிரையை நுணுக்கமான அசைவுகளில் நடத்திக் காட்டும் போட்டியில், கலந்துகொண்டவர். 2010 மார்ச்சில் வழக்கமான பயிற்சியின்போது, குதிரை தன் கால் தானே தடுக்கி விழுந்தது. துள்ளவில்லை, மிரளவில்லை, முரண்டு பிடிக்கவில்லை. ஹெல்மெட் இல்லாத அவருக்கு மண்டையோடு உடைந்து ஏறக்குறைய ஒரு மாதம் கோமா. யானைக்கும் அடி சறுக்கும் என்று நம் ஊரில் சும்மாவா சொன்னார்கள்? இங்கே சறுக்கியது குதிரையின் கால், ஒலிம்பிக் வீராங்கனையின் திறமையால் அதை நிறுத்த முடியவில்லை. அந்த விபத்துக்குப் பிறகுதான் அமெரிக்காவில் ஹெல்மெட்டுக்கான பிரசாரம் சூடுபிடித்தது.

இன்னொரு விஷயத்தை இரண்டாம் கட்சி கணக்கில் எடுப்பதே இல்லை. வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஏறுபவருக்குக் கிடைப்பது பள்ளியிலேயே சாதுவான குதிரை. தினமும் நாலைந்து குதிரை ஏறும் அனுபவசாலிக்குத்தான் மற்றவர்களைக் கீழே தள்ளிய குதிரையைக் கொடுப்பார்கள், “அண்ணே, நீங்க ஒரு தடவை ஏறிப் பாருங்க” என்று. ஆக, மணிக்கு விழும் வாய்ப்பு குறைந்தாலும் மணிகள் பல மடங்கு, குதிரைகளும் கடினம். அனுபவம் கொடுத்த லாபத்தை அதே அனுபவம் பாதிக்குப் பாதி தின்றுவிடுகிறது.

பழகிய மைதானம் என்ற நம்பிக்கைக்கும் பெங்களூரில் ஆயுள் குறைவு. எலகங்காவில் விமானப்படைத் தளம். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை அங்கே ஏரோ இந்தியா கண்காட்சி நடக்கும் நாட்களில், போர் விமானம் தலைக்கு மேல் கிழித்துக்கொண்டு போகும்போது எந்தக் கிழட்டுக் குதிரையும் இளமையாகிவிடும். வேலிக்கு அடியில் நுழையும் தெருநாய், பக்கத்து மனையில் திடீரென்று உறுமும் ஜே.சி.பி., விநாயகர் சதுர்த்தி வெடி, காற்றில் பறக்கும் பிளாஸ்டிக் கவர் என்று பட்டியல் நீளம். மாஸ்டரின் தொடைக்குக் குதிரையின் மனசு தெரியும், பக்கத்து மனை ஜே.சி.பி.க்காரரின் மனசு தெரியாது.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது வேறு. சூழலைப் பார்த்துப் போடுவது என்றால் ஒவ்வொரு முறையும் ஒரு தீர்ப்பு சொல்ல வேண்டியிருக்கிறது. அவசரத்தில், களைப்பில், ஹெல்மெட் காரில் இருக்கும்போது, அந்தத் தீர்ப்பு எப்போதும் ‘வேண்டாம்’ பக்கமே சாயும். எப்போதும் போடுபவருக்கு இந்தத் தொல்லை இல்லை. கயிறு, கடிவாளம், ஹெல்மெட், எல்லாம் ஒரே கொக்கியில் தொங்கினால் விஷயம் முடிந்தது. தரையில் நிற்கும்போதும் நான் போடச் சொல்வதற்குக் காரணம், குளம்பைத் தூக்கிச் சுத்தம் செய்ய குனியும்போது தலை இருக்கும் உயரத்தில்தான் உதையும் வரும்.

எதிர்க்கட்சி கையில் வைத்திருக்கும் வலுவான சீட்டு கிறிஸ்டோபர் ரீவ். சூப்பர்மேனாக நடித்தவர். 1995-ல் ஒரு போட்டியில் தடைக்கு முன்னால் குதிரை நின்றுவிட, தலைகுப்புற விழுந்து கழுத்தின் மேல் எலும்புகள் நொறுங்கி, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அன்று அவர் ஹெல்மெட் போட்டிருந்தார். இதை மறுக்க ஒன்றுமில்லை. ஹெல்மெட் கழுத்தைக் காப்பாற்றாது. ஆனால் அவர் மூளை தப்பியது. 2004-ல் இறக்கும்வரை பேசினார், எழுதினார், படம் இயக்கினார். ஹெல்மெட் தரும் தைரியத்தில் ஆட்கள் முரட்டுத்தனமாக ஓட்டுவார்கள் என்ற வாதமும் உண்டு. இளவட்டங்களிடம் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். அதற்குத் திட்டத்தான் வேண்டும், ஹெல்மெட்டைக் கழற்றுவது மருந்தல்ல.

விளையாட்டு உலகம் தன் முடிவை எடுத்துவிட்டது. டிரெஸ்ஸாஜில் உயரத் தொப்பிதான் தகுதியின் அடையாளமாக இருந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சார்லட் டுஜார்டின் ஹெல்மெட்டோடு வந்து இரண்டு தங்கம் வாங்கினார். முன்பு ஒருமுறை விழுந்து மண்டையோடு உடைந்தவர் அவர். (குதிரையைச் சாட்டையால் அடித்த வீடியோவால் 2024-ல் அவர் பெயர் கெட்டது தனிக்கதை.) 2021 ஜனவரி முதல் சர்வதேசக் குதிரையேற்றக் கூட்டமைப்பு தன் போட்டிகளில் எல்லோருக்கும் ஹெல்மெட்டைக் கட்டாயமாக்கி உயரத் தொப்பிக்கு விடை கொடுத்தது. அதே ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில், இருபது வருஷம் கழித்து இந்தியாவிலிருந்து போன ஒரே குதிரையேற்ற வீரரான நம்ம பெங்களூர் ஃபவாத் மிர்ஸாவும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டவர்தான். 2018 ஆசிய விளையாட்டில் இரண்டு வெள்ளி வாங்கியவருக்கே விலக்கு இல்லை.

என் தலை, என் இஷ்டம் என்று ஒரு பெரியவர் சொன்னால்? சொல்லிக்கொள்ளட்டும், சொந்தக் குதிரை, சொந்த நிலம் என்றால். பள்ளியில் பாடம் எடுப்பவருக்கு அந்த உரிமையைத் தர எனக்கு மனமில்லை. மைதானத்தின் நடுவில் நிற்கும் பத்து வயதுப் பெண் பார்ப்பது மாஸ்டரைத்தான், சுவரில் ஒட்டிய விதியை அல்ல. விசித்திரம் என்னவென்றால், கர்நாடகத்தில் இருசக்கர வண்டியில் பின்னால் உட்காருபவருக்கே 2016-லிருந்து ஹெல்மெட் கட்டாயம். ஸ்கூட்டரில் ஒழுங்காக ஹெல்மெட் போட்டு வந்து, அதைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு வெறுந்தலையோடு குதிரை ஏறுகிறார்கள். மோட்டார் வாகனச் சட்டம் எஞ்சின் இருக்கும் வண்டியைத்தானே பிடிக்கும்!

அப்புறம், எந்த ஹெல்மெட்? ஸ்கூட்டர் ஹெல்மெட்டை அப்படியே போடலாமே என்று கேட்பவர்கள் நிறைய. வேண்டாம். முழு முக ஹெல்மெட் ஒரு கிலோவுக்கு மேல் எடை. காதை மூடும், பக்கப் பார்வையைக் குறைக்கும். சைக்கிள் ஹெல்மெட்டோ பின்மண்டையில் போதிய அளவு இறங்காது, குளம்பு உதையை மனதில் வைத்துச் செய்ததும் அல்ல. வெல்வெட் துணி போட்ட மலிவுத் தொப்பி அழகுக்கு மட்டும். குதிரையேற்றத்துக்கென்றே உள்ள தரக்குறி, அதாவது அமெரிக்காவின் ஏ.எஸ்.டி.எம். எஃப்1163 அல்லது பிரிட்டனின் பி.ஏ.எஸ். 015, உள்ளே ஒட்டியிருக்கிறதா பாருங்கள். தலை சுழன்று மோதும் விசையைக் குறைக்கும் மிப்ஸ் அடுக்கு இருந்தால் நல்லது. அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் 2022 முதல் இந்த ஹெல்மெட்டுகளைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கிறது. விலை உயர்ந்தவை எல்லாம் அதில் மேலே வந்துவிடவில்லை. கையில் காசு குறைவு என்றால் தரக்குறி உள்ள எளிய மாடலே போதும்.

அளவு சரியில்லையென்றால் எந்தத் தரக்குறியும் உதவாது. கொண்டை போட்டு அதன்மேல் மாட்டியது, வார் தளர்ந்தது எல்லாம் ஓட்டத்தில் முன்னால் சரிந்து கண்ணை மறைக்கும். குதிரை கீழே தள்ளியதுமல்லாமல் குழியும் பறித்த கதைதான். வாரைப் போடாமல் தலையை ஆட்டிப் பார்த்தால் அசையக் கூடாது. உள்ளே இருக்கும் நுரை ஒருமுறை நசுங்கித்தான் அடியை வாங்கிக்கொள்ளும், திரும்ப எழாது. அதனால் தலை மோதிய ஹெல்மெட்டை, வெளியே கீறலே இல்லாவிட்டாலும், தூக்கிப் போட வேண்டும். விழாவிட்டாலும் ஐந்து வருஷத்தில் மாற்றுவது வழக்கம்.

இந்தத் தகராறில் யாரும் பேசாத ஒரு கூட்டம் உண்டு. காலையில் நாம் வருவதற்கு முன்பே குதிரைகளை ஓட்டிச் சூடேற்றி வைப்பவர்கள், மாலையில் சேணம்கூட இல்லாமல் ஏறித் தண்ணீருக்குக் கொண்டுபோகும் சைஸ்கள். நம் எல்லோரையும்விட அதிக நேரம் குதிரைமேல் இருப்பவர்கள் அவர்கள்தான். அவர்கள் தலையில் பெரும்பாலும் ஒரு துண்டு மட்டும். அடுத்த தடவை பள்ளியில் கட்டணம் கட்டும்போது, வேலை செய்பவர்களின் அளவுக்கு எத்தனை ஹெல்மெட் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.