ரிச்சி தெருவில் 45,000 ரூபாய்க்கு ஒரு கம்ப்யூட்டர்

2023 செப்டம்பரில் சிங்கப்பூரிலிருந்து ஊருக்குப் போனபோது அக்கா கேட்டது ஒன்றுதான். பையன் கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்திருக்கிறான், நல்லதாக ஒரு டெஸ்க்டாப் வாங்கிக் கொடு என்றாள். மானிட்டர், யுபிஎஸ் எல்லாம் சேர்த்து 45,000 ரூபாய்க்குள் முடிக்க வேண்டும். சிங்கப்பூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரிலேயே பாகங்களை வாங்கிக்கொண்டு போகலாமா என்று முதலில் யோசித்தேன். ஆனால் ஒன்று பழுதானால் வாரண்டிக்கு மறுபடி சிங்கப்பூருக்குத் தூக்கி வர வேண்டும். விழுப்புரத்தில் இருக்கிற பையனுக்கு அது சரிப்படாது.

காலை ரயிலில் எழும்பூர் வந்து, அங்கிருந்து ஆட்டோவில், கம்ப்யூட்டர் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. சனிக்கிழமையாகப் பார்த்துத்தான் போனோம், ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும்.

முதல் கடையில் என்ன வேலைக்கு என்று கேட்கவே இல்லை. பட்ஜெட்டை மட்டும் கேட்டுவிட்டுக் கொட்டேஷன் போட்டுக் கொடுத்தார்கள். இன்டெல் ஐ5 பிராசஸர், அதுவும் பெயரின் கடைசியில் 'எஃப்' போட்டது. அந்த வகையில் உள்ளேயே கிராபிக்ஸ் கிடையாது, தனிக் கார்டு இல்லாமல் திரையில் படம் வராது. அதற்காகப் பல வருடம் பழைய 2 ஜிபி கார்டு ஒன்றைச் சேர்த்திருந்தார்கள். பாகங்களுக்கு மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் என்ன கம்பெனி என்று கேட்டேன். "கேபினெட்டோடவே வரும் சார்" என்றார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. மின்சாரம் ஏறி இறங்குகிற ஊரில் மற்ற எல்லாப் பாகங்களுக்கும் காவல் அதுதான். பில் வேண்டாமென்றால் இன்னும் குறைப்போம் என்றும் சொன்னார்கள். பில்லும் சீரியல் நம்பரும் இல்லாமல் வாரண்டியை எதை வைத்துக் கேட்பது? கிளம்பிவிட்டோம்.

மூன்றாவது கடைக்காரர் என்னிடம் பேசாமல் நேரே பையனைக் கேட்டார். "தம்பி, கேம் விளையாடுவியா, கோடிங் மட்டுமா?" கோடிங், கொஞ்சம் வீடியோ எடிட்டிங் என்றான். அப்படியென்றால் ஏஎம்டியின் ரைசன் 5 5600ஜி பிராசஸர் போதும், கிராபிக்ஸ் அதிலேயே இருக்கிறது, பிற்பாடு காசு சேரும்போது தனிக் கார்டு போட்டுக்கொள்ளலாம் என்றார். 16 ஜிபி ரேமை ஒரே குச்சியாக எடுக்காமல் 8 ஜிபி இரண்டாகப் போடச் சொன்னார். உள்ளிருக்கும் கிராபிக்ஸ் ரேமைத்தான் பங்குபோட்டு ஓடுகிறது, இரண்டு குச்சி இருந்தால் வேகம் நன்றாகவே கூடும். நான் கேட்ட ஜென் 4 (வேகம் கூடிய நான்காம் தலைமுறை) எஸ்எஸ்டியையும் வேண்டாமென்றார். இந்தப் பிராசஸர் ஜென் 3 வரைதான், கூடுதல் காசு வீண். அதில் மிச்சமானதை 550 வாட் 'ப்ரான்ஸ்' (வெண்கலத் தரம்) எஸ்எம்பிஎஸ்ஸில் போட்டோம். இப்படி விலையைக் குறைத்துச் சொல்கிற கடைக்காரரைப் பார்ப்பது மனதுக்கு நிறைவாக இருந்தது.

பிராசஸர் 12,500, பி450 மதர்போர்டு 6,200, ரேம் 3,600, 500 ஜிபி எஸ்எஸ்டி 3,100, எஸ்எம்பிஎஸ் 3,900, கேபினெட் 2,600, மானிட்டர் 7,600, கீபோர்டு மவுஸ் 900, யுபிஎஸ் 3,200. ஜிஎஸ்டி உள்பட மொத்தம் 43,600. வங்கிக் கார்டில் பணம் கட்டினால் 2 சதவீதம் கூடுதல் என்றார்கள். அக்கா ஜிபே செய்துவிட்டாள், நான் அவளிடம் ரொக்கமாகக் கொடுத்தேன்.

பி450 பழைய ஸ்டாக்காக இருந்தால் பயோஸ் (போர்டிலேயே பதிந்திருக்கும் தொடக்க மென்பொருள்) புதுப்பிக்காமல் 5600ஜியில் ஆன் ஆகாது. அதைக் கேட்டபோது பெட்டியில் 'ரைசன் 5000 ரெடி' என்ற ஸ்டிக்கரைக் காட்டினார். அப்புறம் மாடியில் எங்கள் கண் முன்னாலேயே பூட்டினார்கள். பிராசஸரின் மூலையில் ஒரு தங்க முக்கோணம் இருக்கும். அதை சாக்கெட்டில் உள்ள முக்கோணத்துக்கு நேராக வைத்து, அழுத்தாமல் விரலை எடுத்தார் அந்த இளைஞர். அதுவாகவே உள்ளே இறங்கியது. பிறகுதான் லீவரைத் தாழ்த்தினார். "பின் ஒண்ணு வளைஞ்சாலும் போச்சு தம்பி" என்று பையனுக்குச் சொல்லிக்கொண்டே செய்தார். கூலி 500 ரூபாய். மனசாரக் கொடுத்தேன்.

நான் சிங்கப்பூர் திரும்பிய மறுவாரம் பையன் போன் செய்தான். "மாமா, 8 ஜிபிதான் காட்டுது." கடைக்குப் பேசச் சொன்னேன். அவர்கள் வீடியோ காலில் வந்து, கரண்டைப் பிடுங்கிவிட்டு இரண்டு ரேமையும் கழற்றி, தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் தட்டிவிட்டு, 'டக்' என்று சத்தம் வரும்வரை அழுத்தச் சொன்னார்களாம். பத்து நிமிடத்தில் 16 ஜிபி காட்டும் திரையைப் படம் எடுத்து அனுப்பினான்.