அமிகா 500 மூடியை வெளுத்து ஐந்து வருடம் ஆகிறது, அந்த ஒரு கோடு மட்டும் போகவில்லை

போன வாரம் என் பழைய அமிகா 500 கணினியின் டிஸ்க் டிரைவ் படிக்க மாட்டேன் என்று அடம்பிடித்தது. மூடியைக் கழற்றி ஹெட்டைத் துடைத்ததும் சரியாகிவிட்டது, பத்து நிமிட வேலை. அதற்கப்புறம் ஒரு மணி நேரம் கழற்றிய மூடியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தேன். அன்றைக்கென்று ஒரு நண்பர், தன்னுடைய பழைய மெக்கின்டோஷ் மஞ்சளாகிவிட்டது, ரெட்ரோபிரைட் செய்யலாமா, அதாவது பெராக்சைடு பூசி வெயிலில் வைத்து வெளுக்கலாமா என்று கேட்டிருந்தார். சூட்டோடு சூடாக ஒரு பதில் அனுப்பினேன். கொஞ்சம் ஆறியபின் எழுதுவது இது. முழுக்க ஆறிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஹைட்ரஜன் பெராக்சைடும் புற ஊதா ஒளியும் சேர்ந்தால் மஞ்சள் வெளுக்கும் என்பது இந்தப் பக்கம் வருகிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். 2008-இல் பழைய கணினி ஆர்வலர்கள் அதற்கு ஒரு பெயரும் வைத்துப் பரப்பினார்கள். முதலில் சாந்தன் பசை கலந்து கூழாக்கித் தடவினார்கள், பிறகு தலைமுடிச் சாயத்தோடு கலக்கும் டெவலப்பர் க்ரீமே போதும் என்று ஆனது. நானும் 2019-இல் க்ரீமைத்தான் வாங்கினேன். டப்பாவில் '40 வால்யூம்' என்று போட்டிருக்கும், அதாவது 12 சதவீதப் பெராக்சைடு. கையுறை போடாமல் தொட்டுவிட்டு, விரல் நுனி சுண்ணாம்பு தடவியது போல வெளுத்து அரை மணி நேரம் சுரீர் சுரீரென்று எரிந்தது தனிக் கதை.

க்ரீமைப் பிரஷால் பூசி, காய்ந்துவிடாமல் இருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாளால் சுற்றி, வெயிலில் வைத்தேன். தாளில் ஒரே ஒரு மடிப்பு விழுந்திருந்தது. அவ்வளவுதான் நான் செய்த தப்பு. மடிப்புக்கு அடியில் காற்று புகுந்து, அந்த இடத்தில் மட்டும் க்ரீம் காய்ந்துவிட்டது. கழுவும்போது ஒன்றும் தெரியவில்லை, ஈரமான பிளாஸ்டிக் எல்லாவற்றையும் மறைத்துவிடும். துடைத்து ஜன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது: பின்பக்கக் காற்றுத் துளைகளில் தொடங்கி கீபோர்டு ஓரம் வரை சுண்டுவிரல் அகலத்துக்கு ஒரு கோடு, நத்தை ஊர்ந்த தடம் மாதிரி.

சரி, அடுத்த வருடம் முறையை மாற்றினேன். தட்டையான ஒரு பெரிய தொட்டி, அதில் நீர்த்த பெராக்சைடு, மூடி முழுக்க மூழ்க வேண்டும். மூழ்காது. மூடி செய்த ஏபிஎஸ் பிளாஸ்டிக் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கனம், அடியில் ஆக்சிஜன் குமிழ் சேரச் சேர மூடி தோணி மாதிரி மிதந்து வரும். தண்ணீர் நிரப்பிய கண்ணாடி பாட்டில்களை மேலே வைத்து அழுத்தினேன், அரை மணிக்கு ஒருமுறை எடுத்துக் குமிழைத் தட்டிவிட்டுத் திருப்பி வைத்தேன். குமிழ் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு புள்ளியை விட்டுச் செல்லும். இன்னொன்று, வெளியேறும் ஆக்சிஜனுக்கு வழி வேண்டும், அதனால் எதையும் இறுக்கி மூடி வைக்காதீர்கள்.

மாலையில் எடுத்தபோது எனக்குப் பேச்சே வரவில்லை. நியாயமாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், அந்த முடிவு அற்புதம். மூடியில் இருக்கும் பேட்ஜை முன்பே கழற்றி வைத்திருந்தேன். பேட்ஜ் மறைத்திருந்த இடத்தில்தான் கணினியின் அசல் நிறம் தங்கியிருக்கும். அந்தச் சின்னச் செவ்வகத்துக்கும் சுற்றியிருந்த பரப்புக்கும் வித்தியாசமே தெரியவில்லை. கோடும் காணாமல் போயிருந்தது. 1987-இல் வந்த கணினி நேற்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது போல மேசையில் உட்கார்ந்திருந்தது. அன்றைக்குக் கேட்டிருந்தால் தெருவில் போகிற எல்லோரையும் நிறுத்திச் செய்யச் சொல்லியிருப்பேன்.

அப்புறம் அதைத் துணியில் சுற்றி, வெளிச்சம் படாத அலமாரியில் வைத்தேன். இரண்டு வருடம் கழித்து எடுத்தால், மஞ்சள் திரும்பியிருந்தது. இருட்டில்! இதைத்தான் என்னால் இன்னும் ஜீரணிக்க முடியவில்லை.

காரணம் புரியாமல் இல்லை. முதலில் எல்லோரும் தீப்பிடிக்காமல் இருக்கச் சேர்த்த புரோமின் கலவையின் மேல் பழியைப் போட்டார்கள். ஏபிஎஸ்ஸில் இருக்கும் பியூட்டாடையீன் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து கெடுவதும் மஞ்சளாக்கும். அதற்கு வெயில் கட்டாயமில்லை, காற்றும் வெப்பமும் காலமும் போதும். பெராக்சைடு செய்வதெல்லாம் நிறம் காட்டும் மூலக்கூறுகளை உடைப்பது. கெட்டுப்போன பிளாஸ்டிக் கெட்டதுதான். நொறுங்கும் கொக்கி வெளுத்த பிறகும் நொறுங்கும், என் மூடியில் ஒன்று நொறுங்கியும்விட்டது. ஆக நாம் பார்ப்பது வைத்தியம் இல்லை, சாயம் போடுவதற்குத் தலைகீழான ஒரு வேலை. தலைமுடிக்காரர்களிடமிருந்தே க்ரீமை வாங்கியதில் ஒரு பொருத்தம் இருக்கத்தான் செய்கிறது.

மஞ்சள் திரும்பியதைக்கூட மன்னித்துவிடுவேன். கோடும் கூடவே திரும்பி வந்ததைத்தான் மன்னிக்க முடியவில்லை. 2019-இல் விட்ட மடிப்பு, அதே இடத்தில், அதே அகலத்தில். சுற்றியுள்ள பரப்பு ஒரு வேகத்தில் மஞ்சளாகிறது, அந்தப் பட்டை மட்டும் வேறு வேகத்தில். நான் கையே வைக்காத அடிமூடியோ அழகாக, ஒரே சீராக, பழைய புத்தகத் தாள் மாதிரி பழுத்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது பராமரிக்கப்பட்டது என்று தெரியாதவர்கள் அடிமூடியைத்தான் கை காட்டுவார்கள்.

எதிர்பார்க்காத ஒரு சந்தோஷமும் உண்டு. எந்த ரசாயனமும் இல்லாமல் வெறும் வெளிச்சமே மஞ்சளை எடுக்கும். மஞ்சளாக்குவது குறைந்த அலைநீளப் புற ஊதா என்றால், நீல ஒளிக்குப் பக்கத்தில் இருப்பது வெளுக்கவும் செய்யும். குறைந்த அலைநீளமுள்ள புற ஊதா-பியில் பெரும்பகுதியை ஜன்னல் கண்ணாடியே தடுத்துவிடும், வெளுக்கிற பகுதி உள்ளே வரும். பெராக்சைடு ஒரு நாளில் செய்வதை இது வாரக்கணக்கில் செய்கிறது, ஆனால் கோடு போடுவதில்லை. திருப்பித் திருப்பி வைத்தால் போதும். பொருள் சூடேறி வளைந்துவிடாமல் மட்டும் கவனிக்க வேண்டும். இதை 2019-இல் யாராவது என் காதில் போட்டிருந்தால்!

நண்பருக்கு என் பதில்: செய்யாதீர்கள். உங்கள் மெக்கின்டோஷ் ஒரே சீராக மஞ்சளாகியிருந்தால் அது பெரிய அதிர்ஷ்டம், கெடுத்துக்கொள்ளாதீர்கள். உங்களிடம் இருப்பது எக்ஸ்டெண்டெட் கீபோர்டு 2 என்பதால் அதில் ஸ்பேஸ் பார் மட்டும் மஞ்சளாக இருக்கும், மற்ற கீகள் பிபிடி என்ற வேறு பிளாஸ்டிக், அவை அப்படியேதான் இருக்கும். அந்த ஒன்றை மட்டும் ஜன்னலில் வையுங்கள். இல்லை, முழுதாகத்தான் செய்வேன் என்றால் க்ரீம் பக்கம் போகாதீர்கள், மூழ்க வையுங்கள். உலோகம் எதுவும் உள்ளே போகக் கூடாது, ஸ்பேஸ் பாருக்கு அடியில் இருக்கும் கம்பியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இவ்வளவு சொல்லிவிட்டு ஒன்றை மறைப்பது நன்றாக இருக்காது. என் அமிகாவின் மேல்மூடி நான்கு நாளாக ஜன்னலில்தான் இருக்கிறது. கணினி மூடியில்லாமல், கீபோர்டும் தகடும் தெரிய மேசையில் கிடக்கிறது. இன்று காலை பேட்ஜ் இருந்த செவ்வகத்தை ஒட்டிப் பார்த்தேன், கொஞ்சம் வெளுத்த மாதிரிதான் இருந்தது. கோடு இன்னும் இருக்கிறது.