என்கவுன்டரா, கோர்ட்டா?

ரவுடி ஒருவன் சுடப்பட்டால் தாராவியில் நம் ஆட்களே "சனியன் ஒழிஞ்சது" என்பார்கள். அந்தக் கோபம் புரிகிறது. கோர்ட் என்றால் வாய்தா மேல் வாய்தா, சாட்சி பல்டி அடிப்பார், பெயிலில் வந்தவன் அதே சந்தில் நிற்பான்.

சரி, என்கவுன்டரில் என்ன நடந்தது என்று யார் சொல்வது? சுட்டவர்தான். 2006 நவம்பரில் ரவுடி என்று சொல்லப்பட்ட ராம்நாராயண் குப்தாவை மும்பை வர்சோவாவில் மோதலில் கொன்றதாக மும்பை போலீஸ் சொன்னது. ஆனால் அவரை நவி மும்பை வாஷியில் போலீஸ் பிடித்துச் சென்ற உடனேயே, வக்கீலான சகோதரர் அதிகாரிகளுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்பியிருந்தார். அது போலி என்கவுன்டர் என்று நிரூபணமாகி, 2013இல் 13 போலீசார் உட்பட 21 பேருக்கு ஆயுள் தண்டனை. அப்போது விடுதலையான போலீஸ் அதிகாரி பிரதீப் சர்மாவுக்கும் 2024இல் ஹைகோர்ட் ஆயுள் தண்டனை கொடுத்தது. வீட்டில் வக்கீல் இல்லாத குடும்பம் இதையெல்லாம் எப்படி நிரூபிக்கும்?

என் ஓட்டு கோர்ட்டுக்குத்தான், அதன் தாமதத்தோடு சேர்த்தே. சாட்சிக்குப் பாதுகாப்பு, கூடுதல் நீதிபதிகள் என்று அதையாவது சரிசெய்யக் கேட்கலாம். அப்புறம், போலீஸ் சுட்டு யாராவது இறந்தால் எஃப்.ஐ.ஆர்., சிஐடி அல்லது வேறு ஸ்டேஷன் விசாரணை, மாஜிஸ்திரேட் விசாரணை எல்லாம் கட்டாயம், சுட்டவருக்கு உடனடிப் பதவி உயர்வு கூடாது என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னதே மும்பை என்கவுன்டர்கள் பற்றிய வழக்கில்தான்.