முஸ்தபாவுக்கு எந்தத் திரை? நாலு திரை மாட்டிப் பார்த்த கதை

செங்கோட்டையில் எங்கள் வீட்டு மாடிப்படிக்குக் கீழே ஐந்தடி உயரத்தில் ஓர் ஆர்கேட் பெட்டி, அதாவது கடையில் காயின் போட்டு நின்றபடி ஆடுவோமே அந்த மாதிரி வீடியோ கேம் பெட்டி, நிற்கிறது. அதில் இப்போது இருப்பது நாலாவது திரை. முதல் மூன்றை ஏன் கழற்றினேன் என்று சொன்னால், பெட்டி அடிக்கப் போகிற யாருக்காவது ரெண்டாயிரமோ மூவாயிரமோ மிச்சமாகும்.

நான் வயரிங் வேலை பார்ப்பவன். தொண்ணூறுகளில் குற்றாலம் சீசனுக்குப் போட்ட வீடியோ கேம் கடையில், குளித்த தலை காயும் முன்னே ஒரு ரூபாய்க்கு ஒரு காயின் வாங்கி நின்ற கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கே ஆடிய ஆட்டத்தை, அதில் வரும் ஒரு ஆளின் பேரை வைத்து, முஸ்தபா என்போம். 1993-இல் கேப்காம் அதை 'கேடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ்' என்று வெளியிட்டது எனக்குத் தெரிய இருபது வருஷம் ஆனது. பெட்டியை ஆசாரி அண்ணாச்சி பெரும்பாவூர் பிளைவுட்டில் அடித்தார், 18 எம்எம். உள்ளே ஆட்டத்தை ஓட்டுவது ராஸ்பெரி பை 3 என்ற குட்டிக் கம்ப்யூட்டர். உள்ளகலம் 22 அங்குலம்.

முதலில் வைத்தது அரசாங்கம் கொடுத்த இலவசக் கலர் டிவி. 2006-இல் ஆரம்பித்த திட்டத்தில் வந்த 14 அங்குலப் பெட்டி, சித்தி வீட்டுப் பரணில் பழைய சேலை சுற்றிக் கிடந்தது. அந்தக் காலத்து ஆர்கேட் மானிட்டர் நொடிக்குக் கிட்டத்தட்ட 15,700 வரி போடும்; நம் குழாய் டிவியும் அதே ரகம். ராஸ்பெரி பை 3-இல் ஹெட்போன் ஓட்டையிலேயே வீடியோவும் வருகிறது. வீட்டில் கிடந்த கேம்கார்டர் கேபிளைக் குத்தினேன், மஞ்சள் முனையில் ஒன்றும் வரவில்லை. அந்தக் கேபிளில் முனைகளின் வரிசை வேறு. சிவப்பு முனையை எடுத்து டிவியின் மஞ்சள் ஓட்டையில் குத்தியதும் படம் வந்தது. வரிகள் நடுங்கின. அமைப்புக் கோப்பில் எஸ்டிடிவி மோடை 16 என்று மாற்றியதும் நடுக்கமும் நின்றது.

அப்புறம் பார்த்த படத்தை என்ன சொல்ல! முஸ்தபாவின் தோளில் படிக்கட்டு மாதிரி இருந்த மூலைகள் கரைந்துவிட்டன. மூக்கு கண்ணாடியில் இடிக்கிற அளவுக்குக் குனிந்தால்தான் வரிக்கு வரி நடுவில் மெல்லிய கருப்பு தெரியும். அன்று ராத்திரி ஒரு மணி வரை ஆடினேன். வீட்டில் பேச்சு வாங்கினேன்.

மறுநாள் புத்தி கெட்டுப்போய், மச்சான் காரிலிருந்து கழற்றிய ஸ்பீக்கர் ரெண்டையும் குழாய்க்கு இருபுறமும் பதித்தேன். டிவியைப் போட்டால் வலது மூலை ஊதா, இடது மூலை பச்சை. டைனோசாருக்கு அம்மை போட்டதுபோல் இருந்தது. ஸ்பீக்கரின் காந்தம்தான் காரணம். டிவிக்குள்ளே வரும் ஸ்பீக்கரில் காந்தத்துக்குக் கவசம் இருக்கும், கார் ஸ்பீக்கருக்கு அது எதற்கு? ரெண்டையும் பெட்டியின் நெற்றிக்கு ஏற்றிவிட்டு, டிவியை அரை மணிக்கொரு தடவை மெயினிலேயே அணைத்துப் போட்டேன். போடும்போதெல்லாம் 'ட்ங்' என்று ஒரு சத்தம் வருமே, அது கறை நீக்கும் சுருள். நாலாவது தடவை கறை போய்விட்டது.

அந்த டிவி நாலு மாதம் ஓடி, ஒரு மழை நாளில் படம் ஒற்றைக் கோடாகச் சுருங்கி நின்றது. பழுது பார்த்துக்கொண்டிருந்தவர் ஊரை விட்டே போய்விட்டார். குழாயின் முதுகில் ஒரு ரப்பர் மூடி இருக்கிறது, அதற்குள் இருபதாயிரம் வோல்ட் அளவுக்கு நிற்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் நிற்கும். தினமும் 230-இல் கை வைக்கிற நானே அதைத் தொடவில்லை. நீங்களும் தொட வேண்டாம்.

ரெண்டாவது, ஓர் ஆபீஸில் கழித்துப்போட்ட 19 அங்குலச் சதுர மானிட்டர், எண்ணூறு ரூபாய். மேசையில் வைத்துப் பார்த்தபோது ஒரு குறையும் இல்லை. பெட்டியில் கொஞ்சம் சாய்த்து மாட்டியதும் குட்டு வெளிப்பட்டது. எனக்கு நேராகத் தெரிகிறது. அக்கா மகன் எட்டு வயசு, அவன் கீழேயிருந்து பார்க்கிறான். "மாமா, எல்லாரும் கருப்பா இருக்காங்க" என்றான். நான் முட்டி போட்டுப் பார்த்தேன், அவன் சொன்னது சரி. அது டிஎன் பேனல். கீழேயிருந்து பார்த்தால் இருண்டு, நிறம் தலைகீழாகப் போகும். அதையே, நட்டமான படம் உள்ள பேக்மேன் ஆட்டத்துக்காகத் திருப்பி மாட்டினால் இன்னும் மோசம்: இடது கண்ணுக்கு ஒரு நிறம், வலது கண்ணுக்கு ஒரு நிறம். பத்து நிமிஷத்தில் தலைவலி. வாங்குமுன் மானிட்டரை நேராக மட்டும் பார்க்காமல், மேசைக்குக் கீழே குனிந்தும் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரிக்கட்டும்.

மூன்றாவது, மச்சான் சிபாரிசில் வாங்கிய புது 24 அங்குல அகலத் திரை. ஐபிஎஸ் பேனல், எந்தப் பக்கம் நின்றாலும் ஒரே நிறம். ஆனால் கணக்குப் போடாமல் வாங்கிவிட்டேன். அகலம் 16-க்கு உயரம் 9 என்ற 16:9 திரையின் உயரம் பன்னிரண்டு அங்குலம்கூட இல்லை. அதில் பழைய ஆட்டங்களின் 4:3 படம் வைத்தால் மூலைக்கு மூலை 19.6 அங்குலம். பேக்மேன், கேலகா மாதிரி நட்டமான ஆட்டம் என்றால் 14.7 அங்குலம்தான், ரெண்டு பக்கமும் கருப்புச் சுவர். 24-க்குக் காசு கொடுத்து 15-இல் ஆடுகிறோம். மச்சான் வந்து, "இடத்த ஏன் வேஸ்ட் பண்ற" என்று படத்தை இழுத்துத் திரை முழுக்க நிரப்பிவிட்டுப் போனார். முஸ்தபா தொந்தி போட்டுவிட்டான், காரின் சக்கரம் அமுங்கிய இட்லி. அந்த ஆட்டத்தின் படம் 384-க்கு 224 புள்ளி. எண்ணிப் பார்த்தால் அகலத் திரைக்கென்றே வரைந்த மாதிரி தோன்றும், ஆனால் வரைந்தவர்கள் 4:3 குழாயில் ஒடுங்கித் தெரியப்போகிறது என்று கணக்கு வைத்துத்தான் வரைந்தார்கள். அந்த மானிட்டர் இப்போது அக்கா மகளின் ஆன்லைன் வகுப்புக்குப் போய்விட்டது, நல்லபடியாக இருக்கிறது.

நாலாவது, புனலூரில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கடையில் கிடைத்த டெல் பி1917எஸ். 19 அங்குலம், 5:4 சதுரம், 1280-க்கு 1024, ஐபிஎஸ், பின்னால் எச்டிஎம்ஐ. சதுரமும் ஐபிஎஸ்ஸும் எச்டிஎம்ஐயும் ஒரே மானிட்டரில் சேர்ந்து கிடைப்பது அபூர்வம். "ஸ்டாண்ட் இல்லா, அண்ணா" என்று கடைக்காரர் தயங்கினார். எனக்கு ஸ்டாண்டே வேண்டாம், பின்னால் நாலு ஸ்க்ரூ ஓட்டை 100 எம்எம் இடைவெளியில் இருந்தால் போதும். 2,200 ரூபாய். வெள்ளைத் திரை, கருப்புத் திரை ரெண்டும் போட்டுக் காட்டச் சொன்னேன், முகம் சுளிக்காமல் காட்டினார். கேரளா பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பதிமூணு கண்ணறைப் பாலம் தாண்டியதும் சாரல் அடித்தது, சட்டையைக் கழற்றி மானிட்டருக்குப் போர்த்தினேன். ஆரியங்காவு வரை பனியனோடுதான்.

4:3 படம் இதில் பதினெட்டரை அங்குலம் வருகிறது, மேலும் கீழும் கருப்பு ஒரு விரல்கூட இல்லை. ஆனால் 224 வரியை 960-க்கு இழுத்தால் ஒரு வரி தடித்து, ஒரு வரி மெலிந்து, முஸ்தபா நடக்கும்போது பின்னணி நெளிகிறது. அதனால் உயரத்தைச் சரியாக நாலு மடங்கு, 896-இல் நிறுத்தினேன். அகலம் 1195. படம் கொஞ்சம் சிறிதானது, நெளிவு போய்விட்டது. குழாயின் மென்மை இதில் வராது. குழாய் டிவி மாதிரி படத்தின் மேல் வரிக்கோடு போடும் ஷேடர் என்ற மென்பொருள் ஒன்றைப் போட்டிருக்கிறேன், பரவாயில்லை என்று சொல்லலாம். 20 அங்குலத்தில் 4:3, 1600-க்கு 1200 உங்களுக்குக் கிடைத்தால் யோசிக்காமல் தூக்குங்கள். 240 வரி ஆட்டங்கள் ஐந்து மடங்காக அப்படியே உட்காரும். தென்காசியிலும் புனலூரிலும் என் கண்ணில் படவில்லை.

பேக்மேன்தான் இன்னும் பாக்கி. மானிட்டரை நட்டமாகத் திருப்ப ஒரு சுழல் பலகை வேண்டும். ஆசாரி அண்ணாச்சியிடம் சொன்னதற்கு, "ஐப்பசி மழை விடட்டும் தம்பி, பலகை ஊதிக் கெடக்கு" என்றார்.