கடைசிப் பத்து டிகிரி: என் செம்புச் சுருளோடு ஐந்து வருடம்

போன சனிக்கிழமை பகல் முழுக்கச் செம்புச் சுருளோடு மல்லுக்கட்டினேன். கட்டைவிரலில் சுட்ட கொப்புளம் இன்னும் அடங்கவில்லை. அதற்குள் இங்கே சிங்கப்பூரிலேயே யீஷூனிலிருந்து நண்பர் செய்தி அனுப்புகிறார்: "அண்ணே, வொர்ட் சில்லர் ரெடிமேடா வாங்கிடவா, இல்ல உங்கள மாதிரி காப்பர்ல நானே சுத்திக்கவா?" போன மாதம் கேட்டிருந்தால் வேறு பதில் கிடைத்திருக்கும்.

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களுக்கு இந்தச் சாமானை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இரண்டு வரி. மால்ட் எனும் முளைகட்டிய பார்லியின் சாற்றை (அதைத்தான் வொர்ட் என்கிறோம்), கசப்புக்கு ஹாப்ஸ் பூ போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டபின், ஈஸ்ட் தாங்கும் சூட்டுக்குச் சட்டென்று இறக்க வேண்டும். தானாக ஆறட்டும் என்று விட்டால் ஈஸ்டுக்கு முன்னால் வேண்டாத கிருமி குடியேறும். பில்ஸ்னர் எனும் வெளிர்நிற மால்ட் என்றால் அவித்த சோளத்தின் வாடையும் சேரும். அதற்காகத்தான் பானைக்குள் ஒரு செம்புச் சுருளை இறக்கி, அதன் வழியே குழாய்த் தண்ணீரை ஓடவிடுகிறோம். அந்தச் சுருள்தான் வொர்ட் சில்லர்.

என்னுடையது 3/8 அங்குல ஏர்கான் செம்புக் குழாய், 15 மீட்டர். ஜாலான் புசார் பக்கம் ஒரு ஹார்ட்வேர் கடையில் வாங்கினேன். நசுங்காமல் இருக்க உள்ளே தூள் உப்பை நிரப்பி, இரு முனையிலும் டேப் ஒட்டி, காலி பெயிண்ட் டின்னில் சுற்றினேன். மணல் போடச் சொல்வார்கள், போடாதீர்கள். உப்பு என்றால் தண்ணீர் விட்டால் கரைந்து போய்விடும். மணல் எந்த வளைவில் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று யார் தேடுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் வேலை முடிந்தது. அன்றைக்கு என்னைவிடப் பெரிய இன்ஜினியர் பொங்கோலில் யாரும் இல்லை.

முதல் கொதிப்பில் நடந்ததை இன்றும் மறக்கவில்லை. அடுப்பை அணைக்கக் கால் மணி நேரம் முன்பு, கிருமி சாகட்டும் என்று சுருளைக் கொதிக்கிற சாற்றுக்குள் இறக்கினேன். கறுத்துப்போயிருந்த செம்பு, வெளியே எடுக்கும்போது புதுக் குடம்போல் இளஞ்சிவப்பாகப் பளபளத்தது. வொர்ட் லேசான புளிப்பு. அந்தப் புளிப்பே மேல்கறையைத் தின்றுவிடுகிறது. அப்படிக் கரைகிற துளிச் செம்பு ஈஸ்டுக்கும் தேவைதான், அழுகிய முட்டை வாடையையும் அடக்கும். பழுப்பு நிறம் இருந்தால் கவலையில்லை. பச்சைக் களிம்பு இருந்தால் மட்டும் தேய்க்காமல் உள்ளே விடாதீர்கள்.

தேய்ப்பது என்றதும் அம்மா ஞாபகம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்தபோது சுருளைப் பார்த்துவிட்டுத் திகைத்து நின்றார். "ஏண்டா, போலீஸ்காரங்க புடிச்சுப் படம் போடுவாங்களே, அந்தச் சாராயச் சுருள் மாதிரில்ல இருக்கு இது?" அங்கே ஆவி உள்ளே, தண்ணீர் வெளியே, இங்கே தண்ணீர் உள்ளே, சாறு வெளியே என்று விளக்கினேன். வடிசாராயம் இங்கேயும் வீட்டில் கூடாது, பீர் என்றால் சொந்தக் குடிப்புக்கு வீட்டுக்கு மாதம் 30 லிட்டர் வரை காய்ச்சலாம், விற்கக்கூடாது என்று சட்டத்தையும் சொன்னேன். நம்பினாரா தெரியவில்லை. ஆனால் மறுநாள் காலை சுருள் முழுக்கப் புளி பூசி ஊறிக்கொண்டிருந்தது. கடையில் விற்கும் பாலிஷ் எதுவும் அந்தப் பளபளப்பைக் கொடுத்ததில்லை. கிருமிநாசினிக் கரைசலைவிட எனக்குப் புளிதான் அதிகம் செலவாகிறது.

சரி, எரிச்சலுக்கு வருகிறேன்.

இங்கே குழாயைத் திறந்தால் தண்ணீர் 29 டிகிரியில் வருகிறது. மதியத்தில் 30கூடக் காட்டியிருக்கிறது. சில்லர் செய்யக் கற்றுக்கொடுக்கும் குளிர்நாட்டுக்காரர்களுக்கு இந்தக் கஷ்டமே தெரியாது. அவர்கள் குழாயில் 8 டிகிரித் தண்ணீர் வரும், சுருளைப் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்கலாம். என்னுடைய 20 லிட்டர் வொர்ட், 100 டிகிரியிலிருந்து 40க்குப் பன்னிரண்டே நிமிடத்தில் இறங்கும். பார்க்கவே அழகாக இருக்கும்: வெளியே வரும் தண்ணீர் கை வைக்க முடியாத சூடு, உள்ளே புரதம் பால் திரிந்ததுபோல் திரிதிரியாகக் கீழே போகும். அதற்கப்புறம் 40லிருந்து 32க்கு இருபது நிமிடம். அதற்கு அப்புறம் தெர்மாமீட்டர் முள் அசையாது. உள்ளே ஓடும் தண்ணீரைவிடக் குளிர எதனாலும் முடியாதே. எனக்குப் பிடித்ததோ கோதுமை பீர். அந்த ஈஸ்டை 20 டிகிரிக்கு மேல் போட்டால் வாழைப்பழ வாசம் வாழைப்பழக் கடையாகிவிடும்.

ஐஸ்தான் வழி. வாளியில் ஐஸ், அதில் மீன் தொட்டிப் பம்ப், அந்தத் தண்ணீரையே சுருள் வழியே சுற்றவிடுவது. இதில் முதல் ஒரு வருடம் முட்டாளாக இருந்தேன். வாளியில் பத்து லிட்டர் குழாய்த் தண்ணீரை ஊற்றி, அதன்மேல் ஐஸைக் கொட்டினேன். ஒரு கிலோ ஐஸ் உருகும்போது 334 கிலோஜூல் உறிஞ்சும். 20 லிட்டரை 40லிருந்து 20க்கு இறக்கச் சுமார் 1,670 வேண்டும், அதாவது ஐந்து கிலோ. ஆனால் வாளித் தண்ணீரை 29லிருந்து 5க்குக் கொண்டுவரவே மூன்று கிலோ ஐஸ் போய்விடுகிறது. வாளியைக் குளிர்விக்க நான் காசு கொடுத்துக்கொண்டிருந்தேன். இப்போது முந்தின இரவே தண்ணீரை ஃபிரிட்ஜில் வைத்துவிடுகிறேன், பம்ப் மூழ்கும் அளவுக்கு மட்டும். அதோடு 40க்கு இறங்கும்வரை ஐஸைத் தொடுவதில்லை. அதுவரை குழாய்த் தண்ணீரே போதும்.

இன்னொன்று. செம்பின் வெப்பம் கடத்தும் திறன் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைவிட இருபது மடங்குக்கும் மேல் என்று நாங்கள் எல்லோரும் பீற்றிக்கொள்வோம். கணக்கு சரிதான். ஆனால் குழாயின் சுவரே ஒரு மில்லிமீட்டர் இல்லாதபோது அந்த வித்தியாசம் பானைக்குள் பெரிதாக உறைக்காது. உறைப்பது கலக்குவதுதான். சுருளைப் பிடித்து மெல்ல ஆட்டிக்கொண்டே இருந்தால் பன்னிரண்டு நிமிடம். சும்மா விட்டால் அரை மணி. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு மூன்று வருடமும் ஒரு தோள்பட்டை வலியும் தேவைப்பட்டன.

போன மாதக் கதைதான் என்னைக் கொதிக்க வைத்தது. செய்யும்போது சுருளின் இரு முனைகளையும் நேராக மேலே நிறுத்தியிருந்தேன். ரப்பர் குழாய் மாட்டி, கிளிப் போட்டு இறுக்கிய இணைப்பு, சரியாகப் பானைக்கு மேலே. வெளிவரும் சுடுதண்ணீரில் ரப்பர் இளகும், கிளிப் தளரும், சொட்டு விழும். எங்கே? ஆறிக்கொண்டிருக்கும் வொர்ட்டுக்குள். குடிதண்ணீர்தானே என்று நினைப்பீர்கள். இங்கே தண்ணீரில் கிருமி நீக்கப் போடும் குளோராமின் இருக்கிறது. அது மால்ட்டோடு சேர்ந்தால் பிளாஸ்திரி வாடை வரும். அப்படி ஒரு 20 லிட்டர் வந்தது. ஆஸ்பத்திரி வராந்தாவை டம்ளரில் ஊற்றிக் குடிப்பதுபோல் இருந்தது. மொத்தத்தையும் சிங்க்கில் ஊற்றினேன். தப்பு முழுக்க என்னுடையது, யாரையும் திட்ட வழியில்லை என்பதில் எரிச்சல் இரட்டிப்பு.

அதனால் மேல்சுற்று ஒன்றைப் பிரித்து, முனைகள் பானை விளிம்பைத் தாண்டி ஒரு சாண் வெளியே போய்க் கீழே திரும்புமாறு வளைத்தேன். இனி சொட்டினால் தரையில் சொட்டும். எழுத எளிது. ஒரு முறை வளைத்த செம்பு இறுகிவிடும் என்பதை மறந்துவிட்டேன். முதல் வளைவிலேயே குழாய் மடங்கி, ஸ்ட்ராவைக் கடித்ததுபோல் ஆனது. அந்தத் துண்டை வெட்டி எறிந்து, மிச்சத்தை அடுப்பில் சிவக்கக் காய்ச்சி, ஆறவிட்டு, மடங்காமல் இருக்கக் குழாய் வளைக்கும் ஸ்பிரிங் போட்டு வளைத்தேன். ஆறிவிட்டது என்று நானாக முடிவு செய்து தொட்டதில் வந்ததுதான் இந்தக் கொப்புளம்.

தண்ணீர்ச் செலவையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கொதிப்புக்குக் கிட்டத்தட்ட நூறு லிட்டர். ஆயிரம் லிட்டர் மூன்று வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) கொஞ்சம் மேலே, எனவே காசு பெரிதில்லை, மனசுதான் கேட்காது. முதல் வாளிச் சுடுதண்ணீரில் பானை கழுவுகிறேன், மீதியில் துணி. ஆஸ்திரேலியாவில் தண்ணீர்ப் பஞ்சத்தில் சிலர் சில்லரையே விட்டுவிட்டு, கொதிக்கிற வொர்ட்டைக் கெட்டியான பிளாஸ்டிக் கேனில் நிரப்பி மூடி, இரவெல்லாம் ஆறவிடுகிறார்கள். நன்றாகவே வருகிறதாம்.

போதாததற்கு நார்வேயின் க்வேக் ஈஸ்ட் வேறு. 35, 40 டிகிரியில் போட்டாலும் சந்தோஷமாக வேலை செய்யும், லேசான ஆரஞ்சுத் தோல் வாசத்தோடு. அதைப் போடும் நாளில் என் சுருள் உலகத்தரம்: பன்னிரண்டு நிமிடம், ஐஸ் இல்லை, பம்ப் இல்லை. சொட்டும் நின்றுவிட்டது, பளபளப்பும் குறையவில்லை, ஐம்பதுக்கும் மேற்பட்ட கொதிப்பில் செம்பு ஒரு ஓட்டைகூட விடவில்லை.

நண்பருக்கு எழுதினேன்: செய்யாதே. செம்பு விற்கிற விலைக்கு, விளிம்புக்கு வெளியே வளைத்து முடித்த ஸ்டெயின்லெஸ் சுருளே வந்துவிடும். அதை வாங்கு, இல்லையென்றால் க்வேக் வாங்கு.

ஒரு மணி நேரம் கழித்து 15 மீட்டர் செம்புக் குழாயின் படம் வந்தது. கேட்பதற்கு முன்பே வாங்கிவிட்டிருக்கிறார். சுற்றுவதற்கு டின் இருக்கிறதா என்று கேட்கிறார். பெயிண்ட் டின் ஸ்டோர்ரூமில்தான் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை வரச் சொல்லியிருக்கிறேன், இரண்டு கிலோ உப்போடு.