முதலில் கயிலாயம், கடைசியில் காசி

"பிள்ளைகளைக் கரையேற்றிவிட்டுப் போகலாம்" என்று பெற்றோர் தள்ளிப்போடும் பயணங்களில் மூன்று பெயர்கள் தவறாமல் வரும்: காசி, கேதார்-பத்ரி, கயிலாயம். பெரும்பாலான வீடுகளில் திட்டமும் இதே வரிசையில்தான். சுலபமானது முதலில், கஷ்டமானது பிறகு. உடம்பின் கணக்கோ நேர் எதிர். காசிக்கு எழுபத்தைந்திலும் போய்வரலாம், கயிலாயத்துக்கு முடியாது.

வெளியுறவு அமைச்சகம் நடத்தும் கயிலாய-மானசரோவர் யாத்திரைக்கு வயது வரம்பு 18 முதல் 70. உடல் நிறைக் குறியீடு 25-க்குள் இருக்க வேண்டும். அதாவது 160 செ.மீ. உயரமுள்ளவர் 64 கிலோவைத் தாண்டக் கூடாது. குலுக்கலில் பெயர் வந்த பிறகும் டெல்லி மருத்துவப் பரிசோதனையில் திருப்பி அனுப்பப்படுகிறவர்கள் உண்டு. ரத்த அழுத்தமும் சர்க்கரையும்தான் வழக்கமாகக் காலை வாரும். 2020 முதல் நின்றிருந்த யாத்திரை 2025 ஜூனில் மறுபடி தொடங்கியது. அந்த ஆண்டு உத்தராகண்டின் லிபுலேக் கணவாய் வழியில் 5 குழு, சிக்கிமின் நாதுலா கணவாய் வழியில் 10 குழு, குழுவுக்கு 50 பேர் என்று ஒதுக்கினார்கள். மூட்டு தேய்ந்தவர்களுக்கு நாதுலாவே மேல். மலையேற்றம் குறைவு, பெரும்பகுதி வண்டிப் பாதை. செலவு அதில் கூடுதல்.

எந்த வழியில் போனாலும் கிரிவலம் ஒன்றுதான்: 52 கி.மீ., மூன்று நாள். இரண்டாம் நாள் கடக்கும் டோல்மா கணவாய் சுமார் 5,630 மீட்டர். அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன், கடற்கரையில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. பிழை நடப்பது பெரும்பாலும் அவசரத்தால். நேபாளத்தின் நேபாள்கஞ்ச், சிமிகோட், ஹில்சா என்று விமானத்திலும் ஹெலிகாப்டரிலும் தாவும் தனியார் பயணத்தில் சமவெளியிலிருந்து 3,600 மீட்டருக்கு ஓரிரு நாளில் போய்விடுகிறார்கள். உடம்பு பழகுவதற்குள் தலைவலி, குமட்டல், தூக்கமின்மை வந்துவிடும். அதற்கு மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோக்கக்கூடும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நடை தள்ளாடினாலோ, இரவானாலும் கீழே இறக்கிவிட வேண்டும். உயர நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரையை மருத்துவரைக் கேட்டு, ஏறுவதற்கு முந்தைய நாளே தொடங்க வேண்டும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்கள் அதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். கால் தேய்ந்து, மார்பால் ஊர்ந்தும் எட்ட முடியாமல்தான் அப்பர் திருவையாற்றில் கயிலைக் காட்சி கண்டார் என்கிறது பெரியபுராணம். பாதியில் திரும்புவதில் குறையேதும் இல்லை.

கேதார்-பத்ரி இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னாலும் இரண்டும் வேறு வேறு. திவ்ய தேசமான பத்ரிநாத்துக்குக் கோயில் அருகே வரை வண்டி போகும். சம்பந்தரும் சுந்தரரும் பாடிய கேதாரத்துக்கு கௌரிகுண்டிலிருந்து சுமார் 16 கி.மீ. ஏற்றம், 2013 வெள்ளத்துக்கு முன் 14 கி.மீ.யாக இருந்தது. முந்தின இரவு சோன்பிரயாகில் தங்கி, விடியுமுன் கிளம்பினால்தான் வெளிச்சத்தோடு போய்ச்சேர முடியும். ஏறும்போது மூச்சு திணறும். மூட்டைப் பதம் பார்ப்பது இறக்கம்தான். அதனால் குதிரையோ டோலியோ ஒரு வழிக்கு மட்டும் என்றால், இறங்குவதற்கு டோலியை வைத்துக்கொள்வது நல்லது. இறக்கத்தில் குதிரை முதுகில் பின்னால் சாய்ந்து பிடித்துக்கொள்ள இடுப்பில் வலு வேண்டும். நடப்பவர்கள் குதிரை வரும்போது மலைப்பக்கம் ஒதுங்க வேண்டும், பள்ளத்தின் பக்கம் ஒருபோதும் கூடாது.

கேதாரத்துக்கான ஹெலிகாப்டர் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி.யின் ஹெலியாத்ரா தளத்தில் மட்டும் எடுங்கள். போலித் தளங்களில் பணம் இழந்தவர்கள் ஏராளம். மேகம் இறங்கினால் பறக்காது, ஆகவே கையில் ஒரு உபரி நாள் வேண்டும். அடிவாரத்தில் உள்ள ஃபாட்டா தளத்தில் ஏறினால் சில நிமிடங்களில் 3,583 மீட்டர் உயரத்தில் இறக்கிவிடுவார்கள். முதல் ஒரு மணி நேரம் மெல்ல நடந்து, வெந்நீர் குடித்து, பேச்சைக் குறைத்தால் போதும். மே-ஜூனில் கூட்டம் நெரியும், ஜூலை-ஆகஸ்டில் மண்சரிவு. செப்டம்பர் கடைசியும் அக்டோபரும்தான் பெரியவர்களுக்கு ஏற்ற காலம்.

காசியில் உயரத்தின் தொல்லை இல்லை. அங்கே கால் வழுக்கும் படித்துறையும், சந்து நெரிசலும்தான் பிரச்சினை. ஜூலை முதல் செப்டம்பர் வரை கங்கை ஏறிப் படிகள் மூழ்கும், படகும் நின்றுபோகும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் மணிக்கணக்கில் தாமதம். அக்டோபர் கடைசி, நவம்பர், பிப்ரவரி நல்லவை. ரயில் முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். முதியோருக்கான கீழ்ப்படுக்கை ஒதுக்கீடு, அவர்கள் ஒருவராகவோ இருவராகவோ தனி டிக்கெட் எடுத்தால்தான் கிடைக்கும். குடும்பம் மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டில் போட்டால் அம்மா நடுப்படுக்கைக்கு ஏற வேண்டிவரும்.

தங்குவதற்கு நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. அனுமன் காட் பக்கம் தமிழ் பேசும் குடும்பங்களும் உண்டு. பிரயாகைக்கும் கயைக்கும் சேர்த்துக் குறைந்தது ஆறு நாள் வையுங்கள். கயைக்குப் போய்வர மட்டும் சுமார் 500 கி.மீ.; அதை ஒரே நாளில் முடிக்கப் பார்த்துத்தான் பலர் காய்ச்சலோடு திரும்புகிறார்கள். முறையாகச் செய்கிறவர்கள் முதலில் ராமேஸ்வரம் போய்க் கடல் மணல் எடுத்து, திரிவேணியில் கரைத்து, அங்கிருந்து கங்கை நீரை ராமநாதருக்குக் கொண்டுவருவார்கள். வாயடைத்த செம்புச் சொம்பு காசிக் கடைகளில் கிடைக்கும். வாங்குமுன் தலைகீழாகக் கவிழ்த்து, பற்றவைத்த இடத்தில் கசிவு இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொள்ளுங்கள்.